கீமோ நடக்கிற வீட்டில் தீபாவளி கொண்டாடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ. இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து அண்ணனும் அண்ணியும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வருகிறார்கள். அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், முறுக்கு சுட வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். பெரியம்மாவோ, "இந்த வருடம் பண்டிகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவளைப் படுக்க விடுங்கள்" என்கிறார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "அடுத்த தீபாவளிக்கு அம்மா இருப்பாரா என்ற நினைப்பு வந்துகொண்டே இருக்கிறது." உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் நடைமுறைக் காரியங்களைச் சொல்லிவிட்டு அந்த வரிக்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கீமோ ஏற்றும் வார்டில் செவிலியராக நீண்ட காலம் வேலை பார்த்தவள். அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளையோ பயாப்சி (சதைப் பரிசோதனை) முடிவையோ நான் பார்க்கவில்லை. அவருடைய டாக்டர் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் முரண்பாடு வந்தால் டாக்டர் பேச்சையே கேளுங்கள்.

பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால், கடைசியாகக் கீமோ ஏற்றிய தேதியைப் பாருங்கள். மூன்று வாரச் சுற்றில் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏற்றிய அன்றும் மறுநாளும் பலர் நன்றாகவே இருப்பார்கள், சொல்லப்போனால் அளவுக்கு மீறியே சுறுசுறுப்பாக இருப்பார்கள். வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்கக் கொடுக்கிற டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் வேலை அது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலமாரி டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து அடுக்கிய பெண்களைப் பற்றி வீட்டார் வந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த மருந்து நின்றதும், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை, உடம்பு அடித்துப் போட்டாற்போல ஆகிவிடும். பிறகு கொஞ்சம் தெம்பு வரும். ஆனால் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். 'சிவப்பு மருந்து' என்று நோயாளிகள் சொல்லும் டாக்சோரூபிசின் என்றால் இந்தச் சரிவு பெரும்பாலும் பத்தாம் நாளை ஒட்டி வரும். அப்போது அம்மா பார்வைக்கு நன்றாக இருப்பார், சாப்பிடுவார், சிரிப்பார். தொற்று வந்தால் எதிர்த்து நிற்க மட்டும் உடம்பில் ஆள் இருக்காது. மூன்றாம் வாரம் அணுக்கள் ஏறிவிடும், நாக்கும் ஓரளவு ருசி கண்டுகொள்ளும். பண்டிகைக்கு ஏற்ற வாரம் அதுதான்.

அடுத்த கீமோ தேதிக்கும் தீபாவளிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று இன்றே எண்ணிப் பாருங்கள். பண்டிகை நான்காம் நாளிலோ பத்தாம் நாளிலோ விழுந்தால் டாக்டரிடம் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். அறுவைக்குப் பிறகு தரும் கீமோவில் ஓரிரண்டு நாள் முன்பின்னாவது வழக்கமாக நடப்பதுதான். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை (கவுண்ட்) ஏறாவிட்டால் நாங்களே ஒரு வாரம் தள்ளி வைப்போம். ஆனால் தள்ளலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் கொள்ளாமல், பண்டிகை முடிந்து வருகிறோம் என்று தேதியைத் தவறவிட்டு, இரண்டு வாரம் கழித்து வருகிறவர்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் உண்டு. அது வேண்டாம்.

கீமோவுக்குப் பிறகு ரேடியேஷன் இருந்தால், அதாவது ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே அது, பொங்கல் சமயத்தில் வரக்கூடும். அதில் கணக்கு வேறு. வாரத்துக்கு ஐந்து நாள் தொடர்ந்து போக வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் வாய், தொண்டைப் புற்றுநோயிலும் மொத்தச் சிகிச்சை நாள்கள் நீளநீளப் பலன் குறைகிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம்; கருப்பைவாய்க்கு எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பார்கள். பண்டிகை அன்று மையமே மூடியிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துத்தான் திட்டம் போட்டிருப்பார்கள். அதோடு நீங்களாக நான்கு நாள் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, கதிர் எங்கே பட வேண்டும் என்று காட்டத் தோலில் போட்டிருக்கும் கோடுகள். எண்ணெய்க் குளியலில் அதைத் தேய்த்து அழித்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்து ரேடியேஷன் டெக்னீஷியன்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

இப்போது காய்ச்சல். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். கீமோ நடக்கும் காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அது தீபாவளி இரவு பன்னிரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாரசிட்டமால் கொடுத்து, காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை இறக்கும். உள்ளே இருக்கும் தொற்றை ஒன்றும் செய்யாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சலுக்கு, மருத்துவமனைக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆண்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகம் முழுவதும் பின்பற்றும் விதி. காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். பண்டிகை நாளில் என்ன நடக்கிறது தெரியுமா? நோயாளியே மறைப்பார். பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், நம்மால் எல்லாம் கெட வேண்டாம் என்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு தீபாவளியில், விருந்தாளிகள் பஸ் ஏறிய பிறகுதான் உடம்பு சுடுகிறது என்று மருமகளிடம் சொன்ன ஓர் அம்மாவை இரவில் கொண்டு வந்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் அனுப்பினோம். பிழைத்து வந்தார். ஆகவே அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: காய்ச்சலைச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டோம் என்று. காலை, மாலை இரண்டு வேளையும் தெர்மாமீட்டர் வைப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகை அன்று பகல்நேர வார்டு இருக்காது. அவசரப் பிரிவின் எண் எது, எந்த வாசல் வழியாகப் போவது, சிகிச்சைக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். 108-ஐக் கூப்பிட்டால் வந்தவர்களிடம் முதலில் "கீமோ நடக்கிறது" என்று சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி உறவினர் கூட்டத்தில் ஆளுக்கொரு சட்டம் போடுவார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சுடச்சுடச் சமைத்ததைச் சுத்தமான கையோடு உடனே சாப்பிடுவது நல்லது, சமைத்து நாலைந்து மணி நேரம் வெளியே இருந்தது, தெருக்கடைத் தேங்காய்ச் சட்னி, ஐஸ் போட்ட கரும்புச் சாறு, காய்ச்சாத தண்ணீர் இவை ஆகாது. பச்சைக் காய்கறி, பழம் என்றாலே விஷம் என்று பயமுறுத்துவதற்கு ஆதாரம் பலவீனம். கடுமையான ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ பெற்றவர்களிடமே, சமைத்ததை மட்டும் உண்டவர்களுக்கும் பச்சையாகவும் உண்டவர்களுக்கும் பெரிய தொற்றுகளில் வித்தியாசம் இல்லை என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனாலும் எங்கள் வார்டில் நாங்கள் சொல்லி அனுப்புவது, தோல் உரித்துச் சாப்பிடும் பழமாகப் பாருங்கள் என்பதுதான். வாழைப்பழம், மாதுளை, கமலா ஆரஞ்சு எல்லாம் அப்படி.

இனிப்பு? "சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுத்துக்கொள்கின்றன என்பது உண்மை. 1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டது அது. புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் இன்றைய பெட் ஸ்கேன் வேலை செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் அதிரசத்தை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சோற்றிலிருந்தும், எதுவுமே சாப்பிடாவிட்டால் கல்லீரலிலிருந்தும், உடம்பு குளுக்கோஸைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் மட்டும் கவனம் தேவை, ஏனென்றால் நான் சொன்ன ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும். மற்றபடி எடை குறைந்துகொண்டிருக்கும் ஒருவர் ஆசையாகக் கேட்கும் ஓர் அதிரசத்தைத் தட்டிப் பறிப்பது வைத்தியம் ஆகாது. கடைப் பால் இனிப்புகளை விட வீட்டில் எண்ணெயில் பொரித்தெடுத்த பலகாரம் பாதுகாப்பானது. வாய்ப்புண் இருந்தால் முறுக்கு கிழித்துவிடும். பாலில் ஊறவைத்துக் கொடுங்கள்.

முறுக்கு சுடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, எண்ணெய் காயும் வாசனை; குமட்டல் உள்ளவர்களுக்கு அதைவிடக் கொடியது கிடையாது. இரண்டாவது, அறுவை நடந்த பக்கத்துக் கை. நிணநீர்க் கணுக்களை எடுத்த கையில் சூடு பட்டால், கீறினால், அந்தக் காயம் தொற்றாகிக் கை வீங்கிப்போக வாய்ப்பு அதிகம். தெறிக்கிற எண்ணெயும் மத்தாப்புப் பொறியும் அந்தக் கைக்கு ஆகாது. அடுப்படி வேலை வேறு யாருக்காவது போகட்டும். அந்தக் கையில் பாரமே தூக்கக் கூடாது என்று பழைய நாளில் சொல்வோம். சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கிய எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகப்படுத்தவில்லை என்று 2009-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அந்தப் பேச்சு தளர்ந்துவிட்டது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவே கூடாது என்பதிலும் இப்போது சந்தேகம் எழுப்புகிறார்கள். நான் இன்னும் மறு கையில்தான் பார்ப்பேன், அது பழக்கதோஷமாகவே இருக்கட்டும். இறுக்கமான வளையல் வேண்டாம்.

அதற்காக அம்மாவை அடுப்படியிலிருந்து துரத்திவிட வேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாவு பதம் பார்ப்பதை மட்டும் தன் வேலையாக வைத்துக்கொண்டார். விரலால் மாவை உருட்டி, அழுத்தி, "இன்னும் ஒரு கை வெந்நீர்" என்பார். அவருக்குச் சங்கடமாக இருந்தது உப்புதான். கீமோவில் நாக்கு செத்து, எல்லாம் துரு வாசனை அடித்தது. ருசி பார்த்துச் சொல்ல முடியவில்லை. முதல் ஈடு எடுத்ததும் வீட்டில் எல்லோரும் "பிரமாதம்" என்றார்கள். பத்து வயதுப் பேரன் மட்டும் "பாட்டி, ஒரே உப்பு" என்றான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மீதி மாவைச் சரி செய்தாராம். அடுத்த முறை ஊசி போட வந்தபோது அதைத்தான் முதலில் சொன்னார், அதுவும் பெருமையாக. அம்மாவுக்கு வேலை கொடுங்கள். பொய் சொல்லாத ஓர் ஆளையும் பக்கத்தில் வையுங்கள்.

எண்ணெய்க் குளியல் செய்யலாம். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் நீளக் குழாய் செருகியிருந்தால் அந்த இடம் நனையக் கூடாது. மார்பில் தோலுக்கடியில் போர்ட் (மருந்து ஏற்ற வைக்கும் சிறு கருவி) வைத்து, அதில் குத்திய ஊசியை எடுத்தாகிவிட்டது என்றால் தடை இல்லை. முடி உதிரும் நாள்களில் தலைத்தோல் எரியும், சீயக்காய் தாங்காது. விடியற்காலை நான்கு மணிக் குளிரில் நிற்க வைக்காமல், வெயில் வந்தபின் ஒரு முக்காலியில் உட்கார வைத்துச் செய்யுங்கள். சாத்திரம் ஒன்றும் கெட்டுவிடாது. தீபாவளி லேகியம் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிட்டதால் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், கல்லீரல் சில மருந்துகளைக் கையாளும் விதத்தை மாற்றக்கூடியது என்பதால், கீமோவுக்கு முன்பின் இரண்டு மூன்று நாள் அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இது சான்று உள்ள விதி அல்ல, முன்ஜாக்கிரதை மட்டுமே.

பேரப்பிள்ளைகள் பாட்டியைக் கட்டிக்கொள்ளலாம், முத்தம் கொடுக்கலாம், மடியில் படுக்கலாம். புற்றுநோய் ஒட்டாது. கீமோ ஏற்றிய முதல் 48 மணி நேரம் மட்டும் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்து வெளியேறும்; கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விடுவது, அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைப்பது போதும். ஆபத்து எதிர்த்திசையில்தான் இருக்கிறது, பிள்ளைகளிடமிருந்து பாட்டிக்கு. சளி, காய்ச்சல் இருக்கிறதா, பள்ளியில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா என்று அண்ணியிடம் ரயில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். அப்படி ஒரு பிள்ளையோடு அம்மா இருந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். தடுக்க மருந்து உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். பட்டாசு வெடிக்கும் இடத்தில் சானிடைசர் மட்டும் வேண்டாம், சாராயம் தீப்பிடிக்கும். புகை அடங்கும்வரை அம்மா ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருக்கட்டும். கோயிலுக்கு இன்னொரு நாள், கூட்டமில்லாத மத்தியானத்தில் போகலாம். விபூதி, குங்குமம் சரி, தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளட்டும், குடிக்க வேண்டாம்.

பண்டிகைக்கு வருகிறவர்கள் பலகாரத்தோடு வைத்தியமும் கொண்டு வருவார்கள். முள்சீத்தா இலைக் கஷாயம் இப்போது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. சோதனைக் குழாயில் செல்களைக் கொல்வது வேறு, மனித உடம்பில் நோயைக் குணப்படுத்துவது வேறு. இரண்டாவதற்கு இதுவரை சான்று இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலையையும் அதிகம் உட்கொண்டவர்களிடம் பார்கின்சன் போன்ற ஒரு நோய்க்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள், சண்டை வேண்டாம். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். "எங்கள் தெருவில் ஒருத்திக்கு இதேதான், ஆறு மாதத்தில்..." என்று ஆரம்பிக்கும் குரலைக் கேட்டதும் காப்பி டம்ளரோடு குறுக்கே போய் நிற்க ஒருவரை நியமியுங்கள். முடி இல்லாததைப் பற்றி என்ன சொல்வது என்பது அம்மாவின் விருப்பம். திருப்பதியில் மொட்டை போட்டேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தவர்கள் எத்தனையோ பேர். பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. புதுப் புடவைக்குப் பொருத்தமாக ஒரு பருத்தித் துணியில் தலைக்கட்டு தைத்துக் கொடுத்தால் போதும். பொய்முடியை (விக்) விட அது உறுத்தாது.

இனி உங்கள் கடைசி வரி. அம்மா அடுத்த தீபாவளிக்கு இருப்பாரா என்பதை என்னால் சொல்ல முடியாது. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அறுவைக்குப் பிறகு கீமோ தருகிறார்கள் என்றால், பொதுவாக அது நோயை அடியோடு போக்கும் நோக்கத்தில் தரப்படுவது. வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் சிகிச்சையின் வரிசையே வேறாக இருந்திருக்கும். இதை ஊகித்துக்கொண்டு ராத்திரியில் விழித்திருக்காமல், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "குணப்படுத்துவதற்காகக் கொடுக்கிறீர்களா, கட்டுப்படுத்துவதற்காகவா?" எந்தப் பதில் வந்தாலும், அது தெரியாமல் இருப்பதை விட மேல் என்றுதான் கேட்டவர்கள் பெரும்பாலும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன்: இது கடைசிப் பண்டிகையோ என்ற நினைப்போடு பிள்ளைகள் நடத்தும் தீபாவளியில், தட்டு நிறையப் பலகாரமும் நிமிடத்துக்கு ஒரு போட்டோவுமாக அம்மாவை ஓய விட மாட்டார்கள். அவருக்கே அது புரிந்துவிடும்.

பெரியம்மா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கீமோக் களைப்பு தூங்கி எழுந்தால் தீருகிற களைப்பு அல்ல. ஆனால் நாள் முழுவதும் படுத்திருப்பது அதைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. சிறு நடை, சிறு வேலை அதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அன்றைக்கு இரண்டு காரியம் மட்டும் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வாய் என்று அம்மாவையே கேளுங்கள். முறுக்கு மாவும் பேரப்பிள்ளைகளும் என்பாரோ, எண்ணெய்க் குளியலும் மத்தியானத் தூக்கமும் என்பாரோ, அதை அவர் சொல்லட்டும். மீதி எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் ஒப்படைத்துவிடுங்கள். வேலை கையில் இருந்தால் அவருக்கும் பயம் கொஞ்சம் குறையும். தேதிக் கணக்கைப் பற்றி டாக்டரிடம் கேட்பதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். பண்டிகை நெருங்கிவிட்டால் கீமோ வார்டில் எல்லோரும் அதே தேதிக்குத்தான் நிற்பார்கள்.